பக்கத்து நாற்காலி

அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அடையாள அட்டையில் படத்துக்குக் கீழே அச்சடித்திருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகத்தில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. நாற்காலி அக்கா என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது என்று தலையை ஆட்டிக்கொண்டே முகம் மாறுகிறவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்குத்தான் அவளை நன்றாகத் தெரியும்.

பகலில் அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். லென்ஸைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்ப்பது, காதை அழுத்துகிற கம்பியைச் சூடுகாட்டி வளைப்பது, மூக்கில் நிற்காமல் வழுக்குகிற சட்டத்தை நிற்கவைப்பது என்று கடையின் பின்னறையில் அவளுக்கு ஓயாத வேலை. சாயங்காலமானால் பகுதிநேர மாணவியாக வரலாறு படிக்கப் போவாள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கூடப் படித்தவர்கள் அவளில் பாதி வயதுப் பிள்ளைகள். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்லக் கூடாது. அவள் வந்தால் அக்கா என்று எழுந்து வழிவிடுவார்கள், சிரிப்பையும் பேச்சையும் பாதியில் நிறுத்திக்கொள்வார்கள். அவள் தள்ளிப் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அந்த மரியாதை அவளுக்குப் பழகிப்போனது. பிடித்தது என்று சொல்ல முடியாது.

சேர்ந்த அன்று எல்லோருக்கும் மாணவர் கையேடு என்று தலையணை மாதிரி ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அதைப் படிக்கிற மாணவன் இன்னும் பிறக்கவில்லை. ஆடுகிற மேசைக்கு முட்டுக்கொடுக்கவும் விடுதி ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்கவும் அது உதவிக்கொண்டிருந்தது. இவளோ கண்மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற தாளைக்கூட ஒரு வரி விடாமல் வாசிக்கிற ரகம். கடையில் ஆள் வராத மத்தியானங்களில் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். படிக்கப் படிக்க ஆச்சரியம். திருத்திய விடைத்தாளைக் காட்டுங்கள் என்று கேட்கலாமாம். மதிப்பெண் ஏன் குறைந்தது என்று காரணம் கேட்கலாமாம். தேர்வு இப்படித்தான் என்று பாடத் தொடக்கத்தில் சொல்லிவிட்டு, வாத்தியார் நடுவில் தன் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாதாம். யார்மீதாவது குற்றம் சொன்னால் என்ன குற்றம் என்று முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டுமாம். இதையெல்லாம் யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனில், வெளியூரில் குடும்பத்தோடு இருக்கிற தங்கையிடம் சொன்னாள்.

"அதெல்லாம் கெடக்கட்டும்க்கா. நீ சாப்பிட்டியா?" என்றாள் தங்கை.

அந்தக் கையேட்டில் விசாரணைகளைப் பற்றிய பகுதியின் கடைசியில், யாருக்கும் தெரிய வேண்டாம் என்பதுபோல ஒரு விதி ஒளிந்திருந்தது. விசாரணைக்கு வருகிற மாணவர் விரும்பினால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம். துணைக்கு வருபவர் பக்கத்து நாற்காலியில் உட்காரலாம், ஆனால் மாணவருக்காகப் பேசக் கூடாது. பேச முடியாத துணை எதற்கு என்று படித்தபோது அவளும் நினைத்தாள்.

எதற்கு என்று ஒரு சாயங்காலம் தெரிந்தது. பெண்கள் கழிப்பறையில் முகத்தைக் கழுவிக் கழுவி அழுதுகொண்டிருந்தாள் ஒரு பெண். கட்டுரையைக் காப்பியடித்ததாகப் புகார், சற்று நேரத்தில் விசாரணை. உள்ளே குழுவில் மூன்று பேர் இருப்பார்கள், இவள் தனியாள். கேட்கிற கேள்விக்கெல்லாம் ஆமாம் போட்டுவிட்டு ஓடிவந்துவிடலாம் என்று இருந்தாள்.

"துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டுப் போகலாம்மா. கையேட்டுலயே இருக்கு" என்றாள் இவள்.

"எனக்கு யார்க்கா இருக்கா?" என்றாள் அந்தப் பெண். அப்புறம் ஈர முகத்தோடு நிமிர்ந்து பார்த்து, "நீங்க வர்றீங்களா?" என்றாள்.

போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெண் தடுமாறியபோது தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினாள். அழ ஆரம்பித்தபோது மேசைக்குக் கீழே அவள் முழங்கையைத் தொட்டாள். செய்யாததற்கு மன்னிப்புக் கேட்கப் போனபோது, "போதும்" என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு மூச்சு கேட்டுக்கொண்டிருந்ததில் அந்தப் பெண்ணுக்கு எப்படியோ நாக்கு புரண்டது. எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தேன், எங்கே குறிப்பிட மறந்தேன் என்று சொன்னாள். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள்.

அந்தப் பெண் தன் தோழிக்குச் சொன்னாள். தோழி விடுதியில் ஒருத்தனுக்குச் சொன்னாள். அதற்கப்புறம் வகுப்பு முடிந்து அவள் படியிறங்கும்போது யாராவது ஒருவர் தூணோரமாக நின்றுகொண்டு, "அக்கா, ஒரு நிமிஷம்" என்பது வழக்கமாகிவிட்டது. வருகைக் குறைவு என்று தேர்வெழுத விடாதவன், ஆய்வகக் கருவியை உடைத்ததாகப் பழி விழுந்தவள், வழிகாட்டிப் பேராசிரியரோடு ஒத்துப்போகாதவன் என்று எல்லா ரகமும் வந்தார்கள். எல்லோருக்கும் அவள் சொல்கிற மந்திரம் ஒன்றுதான். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. சொல்லி முடிச்சதும் நிறுத்திடு. செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேக்காத. இனிமே ஆபீஸ்ல யார் என்ன சொன்னாலும் எழுத்துல வாங்கு. வாயால சொன்னது காத்தோட போயிரும்."

இப்படிப்பட்டவளுக்கு ஊர் முழுக்க உறவு என்றுதானே நினைப்பீர்கள்? அங்கேதான் அவள் ஒரு காரியம் செய்தாள். முதலில் உதவிய பெண்ணோடு ஒருநாள் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த மேசையில் ஒருவன், "அங்க பாரு, நாற்காலி அக்காகூட உக்காந்திருக்கா. என்ன கேஸோ!" என்று சிரித்தான். அந்தப் பெண் டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள். தன்னோடு காணப்பட்டாலே பிள்ளைகளுக்குக் கெட்ட பெயர் என்பது அன்று இவளுக்கு உறைத்தது. அன்றிலிருந்து ஒவ்வொருவரிடமும் முதல் பேச்சிலேயே ஒரு விதி போட்டாள். "உள்ளதான் நான் உனக்குத் துணை. வெளிய என்னைப் பாத்தா யாருன்னே தெரியாத மாதிரி போயிடணும். நானும் அப்படித்தான் போவேன். சத்தியம் பண்ணு."

பல்கலைக்கழகத்தின் எந்த விதியையும் பிள்ளைகள் இவ்வளவு கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடித்ததில்லை. எதிரே வந்தால் சுவரைப் பார்த்தார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டால் செருப்பைப் பார்த்தார்கள். ஒருத்தன் தன் அம்மாவோடு கண்ணாடிக் கடைக்கே வந்துவிட்டான். அவனுக்காக அவள் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தாள். இப்போது அவன் காதுமடலுக்குப் பின்னால் கம்பியைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

"யூனிவர்சிட்டில படிக்கிறான். ரொம்பக் கெட்டிக்காரன்" என்றார் அம்மா பெருமையோடு.

"அப்படியா? நல்லாப் படிங்க தம்பி" என்றாள் இவள். "அழுத்துதா?"

"இல்லைங்க" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அக்கா என்றுகூடச் சொல்லவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றுகிறான், நல்ல பையன் என்று பின்னறைக்குப் போய் மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் வலித்தது. தானே போட்ட பூட்டு, யாரிடம் போய்ச் சாவி கேட்பது?

கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறை. அம்மா இருந்தவரை அங்கே இரண்டு பேர். படிப்பின் நடுவில் அம்மா படுத்துவிட்டார். தூக்கி உட்காரவைக்க, துடைத்துவிட, மருந்து கொடுக்க ஆள் வேண்டும். அப்போது அவள் ஒரு வருஷம் படிப்பை நிறுத்தினாள். அனுமதி கேட்டுப் பதிவுப் பிரிவுக்குப் போனபோது அங்கிருந்த எழுத்தர், "துறைத் தலைவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். லெட்டரெல்லாம் எதுக்கும்மா? போங்க, அம்மாவைப் பாருங்க" என்றார். எல்லோருக்கும் எழுத்தில் வாங்கு, எழுத்தில் வாங்கு என்று ஓதுகிறவள், அந்த ஒரு நல்ல வார்த்தையில் இளகி, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெறுங்கையோடு வந்தாள். அம்மா போன பிறகு திரும்பி வந்து விட்ட பாடங்களைத் தொடர்ந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசித் தேர்வு ஒன்றுதான் பாக்கி என்று இருந்தபோது கேட்டார்கள். அனுமதி பெறாத இடைவெளி, ஆகவே அதற்கு முன் படித்த பாடங்களெல்லாம் செல்லாது, வேண்டுமானால் முதலிலிருந்து சேர்ந்துகொள்ளலாம் என்று தகவல் வந்தது. துறைத் தலைவர் ஓய்வுபெற்றுவிட்டார், போனில் கேட்டதற்கு நினைவில்லை என்றாராம். எழுத்தரும் நினைவில்லை என்று சொல்லிவிட்டார். தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் கைநழுவி உடைந்த லென்ஸைப் பார்ப்பதுபோல அவள் அந்தத் தாளைப் பார்த்தாள். முதலிலிருந்து தொடங்க அவளுக்குத் தெம்பு இல்லை. விசாரணை கேட்டாள். அது அவளுடைய உரிமை.

விசாரணைக்கான படிவத்தைக் கொடுக்கும்போது, அறை வாசலில் உட்காருகிற பியூன் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"துணைக்கு வர்றவர்னு போட்டிருக்கே, அதை நிரப்பலையேம்மா. நீங்கதான் எல்லாருக்கும் வருவீங்க. உங்களுக்கு யாரு?"

"எழுதித் தர்றேன்ணே" என்று திரும்ப வாங்கிக்கொண்டாள்.

கேன்டீனுக்குப் போய் உட்கார்ந்தாள். தங்கை வர முடியாது, பல்கலைக்கழக ஆளாக இருக்க வேண்டும் என்பது விதி. கூடப் படிக்கிறவர்களில் கேட்கிற அளவுக்குப் பழக்கம் யாரோடும் இல்லை. அப்போது அந்தப் பெண் உள்ளே வந்தாள். ஆய்வகப் பழியில் சிக்கியவள், போன பருவத்தில் இவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவள். கூட நான்கைந்து தோழிகள். என்ன சொன்னார்களோ, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள். அன்று விசாரணையில் அழுது சிவந்த அந்த முகத்தில் இப்படி ஒரு சிரிப்பு இருக்கும் என்று இவளுக்குத் தெரியாது. கண்கள் சந்தித்தன. அந்தப் பெண் சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

இவள் பாதி எழுந்துவிட்டாள். ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும், அவள் வருவாள், மறுக்க மாட்டாள். ஆனால் இவங்களை உனக்கு எப்படித் தெரியும் என்று அந்தத் தோழிகள் கேட்பார்கள். இவள் திரும்ப உட்கார்ந்தாள். டீ ஆறிப்போயிருந்தது. துணைக்கு வருபவர் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்று அவளுக்கு யார்மேல் என்று தெரியாத ஒரு கோபம். சமைக்காமல் படுத்துவிட்டாள்.

விசாரணை அறையின் வெளிச்சுவரில் ஒரு பலகை உண்டு. யாருக்கு எப்போது விசாரணை என்று பெயரோடு அதில் ஒட்டுவார்கள். மற்றவர்கள் அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். ஒரு தடவை அதில் தன் பெயரைப் பார்த்தவர்களால் மட்டும், அப்புறம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைப் படிக்காமல் போக முடியாது. துணைக்கு வருபவர் என்று அவர்கள் தங்கள் படிவத்தில் ஒரு தடவை எழுதிய இவள் பெயரும் அங்கே ஒட்டப்பட்டது.

அந்த நாள் வந்தது. உள்ளே அவளுக்குப் பழக்கமான அறைதான். மேசைக்கு அந்தப் பக்கம் மூவர். நடுவில் குழுத் தலைவர், கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிப் பார்க்கிற பேராசிரியை. இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். அவள் பழக்கதோஷத்தில் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எழுந்து மாறி உட்கார்ந்தாள்.

"யாரும் வரலைன்னா அந்த நாற்காலியை எடுத்துடலாமே, இடம் தாராளமா இருக்கும்" என்றார் குழுவில் ஒருவர்.

"இருக்கட்டும் சார்" என்றாள். "விதியில இருக்கிறதுதான்."

அதுவரைதான் சரியாகப் பேசினாள். என்ன நடந்தது என்று தலைவர் கேட்டதும், ஊருக்கெல்லாம் சொன்ன மந்திரம் அவளுக்கு மறந்துபோனது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அம்மாவின் வியாதியில் தொடங்கி, மாடிப்படியில் அம்மாவைத் தூக்கி இறக்கியது, கடை முதலாளி முணுமுணுத்தது, கடைசி நாளில் அம்மா தண்ணீர் கேட்டது என்று எங்கெங்கோ போனாள். குழுவில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பார்ப்பதைப் பார்த்து இன்னும் வேகமாகப் பேசினாள். "தப்பு என்மேலதான் மேடம், மன்னிச்சுக்குங்க, நான்தான்..." என்று வந்துவிட்டது. தண்ணீருக்குக் கை நீட்டினாள். குவளை எட்டவில்லை. அதை நகர்த்திவைக்கப் பக்கத்தில் ஆள் இல்லை.

காலி நாற்காலியைப் பார்த்தாள். அங்கே தான் உட்கார்ந்திருந்தால் இந்நேரம் என்ன செய்திருப்போம் என்று நினைத்தாள். "போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, மூவரும் நிமிர்ந்தார்கள்.

"மன்னிப்புக் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கறேன் மேடம்" என்றாள். "அனுமதி கேட்டேன். வாயால குடுத்தாங்க. நினைவில்லைன்னு சொன்னவர், என் முன்னாடி வந்து சொல்லட்டும். அதைக் கேக்கற உரிமை எனக்கு இருக்கு."

பதிவுப் பிரிவு அதே மாடியில்தான். எழுத்தரை அழைத்து வந்தார்கள். தலை முழுக்க நரைத்திருந்தது. உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே இருந்தார்.

"தினம் எத்தனையோ பேர் வர்றாங்க மேடம். யார்கிட்ட என்ன சொன்னேன்னு எப்படி ஞாபகம் வச்சுக்க முடியும்? எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லை" என்றார். இவள் பக்கம் பார்க்கவே இல்லை.

"சரி, நீங்க போகலாம்" என்றார் தலைவர்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று இவள் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். எழுத்தர் கதவருகில் போனார். கைப்பிடியில் கை வைத்துவிட்டு, அப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். மனுஷன் கெட்டவரில்லை, தன் வேலைக்கு என்ன ஆகுமோ என்று பயந்தவர். எதிரே தெரிந்த முகத்தைப் பார்த்ததும் பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"அம்மா இப்ப எப்படிம்மா இருக்காங்க?"

"போயிட்டாங்க சார்" என்றாள்.

"அடடா" என்றார் அவர். உண்மையாகவே முகம் வாடிவிட்டது.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இவங்க அம்மாவுக்கு முடியலைங்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மெதுவாக.

எழுத்தர் கைப்பிடியை விட்டுவிட்டுத் திரும்பி வந்து, அங்கிருந்த ஒரே காலி நாற்காலியில் உட்கார்ந்தார். அது அவள் பக்கத்து நாற்காலி. "நான்தான் மேடம் லெட்டர் வேண்டாம்னு சொன்னேன்" என்றார். "எல்லாருக்கும் அப்படித்தான் சொல்றது. கஷ்டத்துல வர்றவங்களை எதுக்கு அலைய விடணும்னு. துறைத் தலைவர்கிட்டச் சொல்லணும்னு நினைச்சேன். மறந்துட்டேன்."

இவள் எழுந்து தண்ணீர்க் குவளையை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

வெளியே கொஞ்ச நேரம் நிற்கவைத்துவிட்டு முடிவைச் சொல்லலாம் என்றார் ஒருவர். தேவையில்லை என்றார் தலைவர். இடைவெளி அனுமதி பெற்றதாகவே கொள்ளப்படும், படித்த பாடங்கள் செல்லும், கடைசித் தேர்வை எழுதலாம். "ஆனா ஒண்ணு. இனிமே எதுவா இருந்தாலும் எழுத்துல வாங்கிக்குங்க" என்றார்.

"நான் எல்லாருக்கும் சொல்றது அதான் மேடம்" என்றாள். "இந்த முடிவையும் எழுத்துல குடுத்துடுங்க."

தலைவருக்குச் சிரிப்பு வந்தது. கொடுத்தார்கள்.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே இருந்த தைரியம் கதவோடு நின்றுவிட்டது. சொல்ல வேண்டும், யாரிடமாவது இப்போதே சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது.

அப்போதுதான் தாழ்வாரத்தைக் கவனித்தாள். எப்போதும் வெறிச்சோடிக் கிடக்கிற இடம் அது. காத்திருப்பவர்களுக்காகச் சுவரோரம் போட்டிருந்த நாற்காலிகளில் இன்று ஆட்கள். ஒருத்தி புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள், ஒருவன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். இன்னொருவன் புதுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். தூணோரம் இருவர், ஜன்னலோரம் ஒருத்தி. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை, அவர்களுக்குள் அறிமுகம் எதுவும் இல்லை. அவர்கள் எல்லோரையும் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். யாரும் தலையை நிமிர்த்தவில்லை.

"என்ன கூட்டமோ இன்னிக்கு!" என்றார் பியூன் சலித்துக்கொண்டு. "யாருக்கு வந்திருக்கீங்கன்னு கேட்டா ஒருத்தன் சிக்னல் நல்லாக் கெடைக்குதுங்கறான். ஒருத்தி இங்கதான் காத்து வருதுங்கறா. காத்து வர்ற எடமாம்மா இது? அது போகட்டும், உங்க விஷயம் என்னாச்சு?"

அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். அவர் பக்கத்தில்தான் நின்றார், ஆனாலும் தாழ்வாரத்தின் கடைசிவரை கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பரீட்சை எழுதலாம்னு சொல்லிட்டாங்கண்ணே. படிச்சதெல்லாம் செல்லுமாம்."

"எனக்குக் காது நல்லாக் கேக்கும்மா" என்றார் பியூன்.

ஒருவரும் நிமிரவில்லை. புத்தகத்தில் ஒரு பக்கம் திரும்பியது. கண்ணாடி துடைத்தவன் அதைப் போட்டுக்கொண்டான், காதில் சரியாகத்தான் பொருந்தியிருந்தது. ஜன்னலோரத்துப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

அவளும் விதியை மீறவில்லை. யாரையும் பார்க்காமல் நடந்தாள். பாதி தூரம் வந்ததும் கால்கள் இனி முடியாது என்றன. அங்கே புத்தகம் படித்துக்கொண்டிருந்தவள், ஆய்வகப் பழியில் சிக்கிய அதே பெண், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற முன்பின் தெரியாதவர்களைப் போல, இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.